பூச்சுக்கு அடியில் ஒரு பச்சைப் புள்ளி

கண்ணு,

இவ்விடம் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் ஆரம்பித்தேன். அந்த வரியை அடித்துவிட்டு வேறு காகிதம் எடுத்திருக்கிறேன். மாடு கன்று சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. பருத்தி இந்த வருஷம் பரவாயில்லை. உன் சின்னம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நான்தான் சுகமில்லை. உன் கல்யாணக் கடுதாசி வந்த நாளிலிருந்து சுகமில்லை. காய்ச்சல் தலைவலி ஒன்றும் கிடையாது, பயப்படாதே. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. 'பொள்ளாச்சியில் பாதி நாடகத்தில் எழுந்து போனவர் நீங்கள். வேஷக்காரன் கல்யாணத்துக்கு வர வெட்கமாக இருந்தால் வரவேண்டாமுங்க, நான் தப்பாக நினைக்க மாட்டேனுங்க' என்று எழுதியிருந்தாய். பெற்ற அப்பனை வரவேண்டாம் என்று சொல்லும்போதுகூட 'ங்க' போட மறக்கவில்லை நீ. நம் பக்கத்து ஆள் கத்தியால் குத்தினாலும் 'குத்தட்டுங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் குத்துவான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உனக்கு மாமனாராக வரப்போகிறவருக்கும் வாசித்துக் காட்டு. பெண்ணைக் கொடுக்கும் முன்னால் அவர் என்னிடம் ஆள்விட்டு விசாரித்தார், அது உனக்குத் தெரியாது. வந்த மனிதர் மோர் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, பருத்தி விலை பேசி, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ள இத்தன வருசமா மூஞ்சில அரிதாரம் பூசுனவரு. அது போயிருங்களா, இல்ல ஒடம்புலயே ஊறிப்போட்டுதுங்களா?" என்றார். "அது அரிதாரமுங்க, அம்மைத் தழும்பில்லீங்க, கழுவுனாப் போயிருமுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சொன்னது பொய். அது போகாது. அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முகப்பூச்சைப் பற்றி நம் ஊரில் பேசாத வாய் இல்லை, விவரம் தெரிந்த ஆள்தான் இல்லை. பவுடர் பூசினால் கறுத்தவள் வெளுத்துவிடுவாள் என்பார்கள். சிட்டிகைக்கு இவ்வளவு அழகென்றால் கைப்பிடிக்கு எவ்வளவு அழகு வரும் என்று கணக்குப் போடுவார்கள். பூசுகிறவள் நல்ல குடும்பத்துப் பெண்ணாக இருக்க முடியாது என்று சொன்ன அதே வாய், மஞ்சள் பூசாமல் வெளியே வந்தவளை மூதேவி என்று சொல்லும். மஞ்சள் மட்டும் என்ன, வானத்திலிருந்தா முகத்தில் விழுகிறது? ஆண்பிள்ளை முகத்தில் மை ஏறினால் நடை மாறும், குரல் மாறும், வம்சம் விளங்காது என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் அந்த ஊர்வாயில் ஒரு வாய்தான், எல்லாவற்றையும் நம்பினவன்தான். அதிலெல்லாம் பெரிய தப்பு, பூச்சு முகத்தை மறைத்துவிடும், கழுவினால் பூச்சும் போய்விடும் என்று நினைப்பது. அந்தத் தப்பை எனக்கு எடுத்துக் காட்டினது நீ. அதுவும் உனக்குத் தெரியாது.

முதலில் உன் அம்மாவின் பவுடர் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது பருத்தி போடக் கோயமுத்தூர் போனவன், கோட்டைமேட்டில் ஒரு சாயபு கடையில் சீமைப் பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். டப்பாவின் மேல் ரோஜாப்பூப் படம். கடைக்காரர் நல்ல மனிதர், கேட்காமலே பக்குவம் சொன்னார். "மொகங் கழுவி, நல்லாக் காஞ்ச பொறகு ஒரு சிட்டிக தொட்டாப் போதுமுங்க. அப்பிப்போடக் கூடாதுங்க" என்றார். சரக்கு சீக்கிரம் தீர்ந்தால்தானே இவருக்கு லாபம், இவர் ஏன் சிக்கனம் சொல்கிறார் என்று நான் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து "நல்லாக் கை நெறைய எடுத்துப் பூசு புள்ள" என்றுதான் கொடுத்தேன். அவள் அப்போதுதான் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தாள். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் தங்கம் மாதிரி மின்னும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். நம் தோட்டங்காட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. ஈர மஞ்சளில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. "ஏனுங்க, எப்படி இருக்குதுங்க?" என்று வந்து நின்றாள். முனியப்பன் கோயிலில் சுண்ணாம்படித்து நிற்கிற மண்குதிரை மாதிரி இருக்கிறாய் என்று சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே போய் முகத்தைக் கழுவினாள். சோறு போடும்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நாங் கறுப்புன்னுதானுங்க அத வாங்கியாந்தீங்க?" ஆசையாக வாங்கி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நம் வீடுகளில் ஆண்பிள்ளைகள் அந்த வார்த்தையைப் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை. ரசம் ஊற்று என்றேன். அந்தப் பவுடரை அவள் அப்புறம் தொடவே இல்லை. உன் வேர்க்குருவுக்குப் போட்டே டப்பா தீர்ந்தது.

அவள் முகத்தில் நிரந்தரமாக இருந்த பூச்சு ஒன்றே ஒன்றுதான். மோவாயில் ஒரு பச்சைப் புள்ளி. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆனைமலைச் சந்தையில் பச்சை குத்துகிற குறத்தியிடம் குத்திக்கொண்டாளாம். நடு மோவாயில் குத்தச் சொன்னதற்கு அழுது முகத்தைத் திருப்பிவிட்டாள், அதனால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. அவள் நிறத்தில் அது கிட்டத்தில் போனால்தான் தெரியும். நீ மடியில் படுத்தால் உன் கை நேராக அங்கேதான் போகும். எறும்பு என்று நினைத்துக்கொண்டு நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்ப்பாய். "அது எடுத்தா வராது சாமி, அம்மாகூடவே வெந்து போற எறும்பு" என்பாள். விளையாட்டாகச் சொன்ன பேச்சு. விஷக்காய்ச்சல் நம் ஊருக்கு வந்த வருஷம் அது நிஜமாகிவிட்டது. உனக்கு அப்போது ஐந்து வயது நிரம்பவில்லை.

அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பின காலம். அவள் படம் பிடித்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தாள். குழந்தை முன்னால் அவள் பேச்சை எடுக்காதீர்கள், எடுத்தால் ஏங்கிப்போவான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் வீட்டில் யாரையும் பேச விடவில்லை. அவள் சேலைகளை எடுத்துப் பெட்டியில் பூட்டினேன். மறு வருஷம் உன் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். நீ அழுவது நின்றது. அம்மா எங்கே என்று கேட்பதும் நின்றது. பிள்ளை மறந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால், சில வருஷம் போனதும் மறந்தது நான்தான். அவள் நினைப்பு இருந்தது, முகம்தான் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் சேலை தெரியும், வளையல் போட்ட கை தெரியும், கழுத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? தனியாகத் தண்ணீர் பாய்ச்சும்போது வாய்விட்டு அழுதிருக்கிறேன், கண்ணு.

நீ பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களோடு போனதும், ஊர் ஊராகச் சுற்றினதும் பழைய கதை. பாட்டு வருகிற பிள்ளை, போய்ப் பார்க்கட்டும், பசித்தால் தானே திரும்பி வருவான் என்று விட்டுவிட்டேன். சில வருஷம் கழித்துத்தான் நீ ஸ்திரீபார்ட் கட்டுகிறாய், பெண் வேஷத்தில் உனக்கு நல்ல பேர் என்று செய்தி வந்தது. உன் சித்தப்பன் சந்தையில் நாலு பேர் கேட்க, "என்ற அண்ணனுக்கு மகன் பொறந்தான்னு பாத்தா மகளல்லோ பொறந்துபோட்டா" என்று சொல்லிச் சிரித்தான். எனக்குத் தலையே நிமிரவில்லை. அந்தச் சமயத்தில் உங்கள் கம்பெனி பொள்ளாச்சியில் கொட்டகை போட்டது. உன்னைக் கையோடு இழுத்துவர வேண்டும் என்று கிணத்துக்கடவில் ரயில் ஏறினேன். வந்தால் வரட்டும், வராவிட்டால் தலை முழுகிவிட்டு வருகிறேன் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நாடகம் பார்க்கிற எண்ணமே இல்லை. வாசலில் நின்ற ஆள் ஆட்டம் முடிகிறவரைக்கும் உள்ளே விடமுடியாது என்றான். அதனால்தான் டிக்கெட் வாங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

பொள்ளாச்சிக்குக் கரண்டு விளக்கு வந்த புதிது. ராணி வேஷத்தில் நீ வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளைவெளேர் என்று முகம், கன்னத்தில் சிவப்பு, காது வரைக்கும் இழுத்த மை. பக்கத்திலிருந்தவர், "பாருங்க, வெள்ளக்காரிச்சி மாதிரி எப்படி நிக்கிறா" என்று என் தொடையைத் தட்டினார். இந்தப் பொம்மையா என் பிள்ளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. ராணி காட்டில் காணாமல் போன தன் குழந்தையைத் தேடி, ஒவ்வொரு மரமாகப் போய்க் கூப்பிடுகிற கட்டம். நீ நிஜமாகவே அழுதாய். கொட்டகைப் புழுக்கம், தலைக்கு மேலே அந்தப் பெரிய விளக்கு, வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து பூச்சு வழிய ஆரம்பித்தது. வெள்ளை கரைந்து, உன் கறுப்பு முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கண் மை கலைந்து கண் சின்னதாயிற்று. மோவாயில் வெள்ளை வழிந்த இடத்தில், நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி, ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

அது உன் அம்மா, கண்ணு. அவள் மாதிரி என்று நான் சொல்லவில்லை. அவளேதான். இத்தனை வருஷம் கழுத்துக்கு மேலே எனக்குத் தெரியாமல் போன முகம் எதிரே நின்று 'சாமி, சாமி' என்று குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது கடைசியாக அவள் உன்னைக் கூப்பிட்டதும் அப்படித்தான். உனக்கும் ஒட்டிவிடும் என்று உன்னை அடுத்த வீட்டில் வைத்திருந்தோம், நீ வரவில்லை. அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அன்றைக்கும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை, பொள்ளாச்சியிலும் முடியவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, ஆட்களை மிதித்துக்கொண்டு வெளியே போனேன். அந்தச் சிவப்புத் துண்டைத்தான் நீ மேடையிலிருந்து பார்த்திருக்கிறாய். வெட்கப்பட்டு எழுந்து போனேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

விடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். பிள்ளைகளெல்லாம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வேஷம் போட்டுவிடுகிற அந்தத் தஞ்சாவூர்க்காரர் மட்டும் வெளியே உட்கார்ந்து கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் நீ முகத்தில் எண்ணெய் தேய்த்து ஒழுங்காகக் கழுவுகிறவன், மற்ற பிள்ளைகள் பூச்சோடு தூங்கினால் நிறம் வரும் என்று நினைத்துத் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் உன்னைப் புகழ்ந்தார். மோவாயில் அந்தப் பச்சை எதற்கு என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அதை ஏன் கேக்கிறீங்க. ராணிக்கு எதுக்குடா பச்சைன்னு திட்டாத நாள் இல்லை. மொகம் கழுவிட்டு வந்தா முதல் வேலையா அந்தப் புள்ளிய வச்சுக்குவான். அப்புறந்தான் என் முன்னால உக்காருவான். நான் அது மேலயே வெள்ளையப் பூசி மறைச்சிடறேன். அப்படியும் விடமாட்டேங்கிறான். ஜனங்களுக்குத் தெரியப்போறதில்லையேடான்னா, தெரிய வேணாங்கறான்" என்றார்.

உன்னை எழுப்பியிருக்க வேண்டும். கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் உன் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால், உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தால் அவள் வரமாட்டாளே. வீட்டில் நீ மண்வெட்டி பிடிக்கிற ஆண்பிள்ளை. அவள் இருந்தது அந்தக் கொட்டகையில். பிள்ளையை இழுத்துவரப் போனவன் பெண்டாட்டியை விட்டுவர மனமில்லாமல் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சின்னம்மாவிடம் பையன் வரமாட்டேன் என்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அதற்குப் பிறகு உங்கள் கம்பெனி கிட்டத்தில் எங்கே வந்தாலும் நான் வந்தேன். விதை வாங்கப் போகிறேன், மாடு பார்க்கப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். துண்டை மாற்றிக்கொண்டு, நீ பார்க்காத மாதிரி கடைசியில் நிற்பேன். அந்தக் காட்டுக் கட்டம் வரைக்கும் இருப்பேன், பூச்சு வழிந்து அந்தப் புள்ளி தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். கடைசியாகக் கொடுமுடியில் பார்த்தேன். சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், அது பொய்யும் இல்லை. அன்றைக்கு நீ என்றுமில்லாத அழுகை அழுதாய். பூச்சு அசையவில்லை. பம்பாயிலிருந்து ஏதோ புதுச் சரக்கு வரவழைத்திருக்கிறார்கள், எவ்வளவு வேர்த்தாலும் கலையாதாம் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கொட்டகையே கைதட்டியது. வெள்ளையாகவே வந்து வெள்ளையாகவே போனாய். நான் ஆற்றங்கரையில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இரண்டாம் தடவை கொள்ளி வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது நீ கம்பெனியை விட்டுவிட்டாய். பேசும் படத்தில் பெண் வேஷத்துக்குப் பெண்களே வந்துவிட்டார்கள், கோயமுத்தூர் ஸ்டுடியோவில் உனக்கு ஆண் வேஷமே கொடுத்திருக்கிறார்கள், அதற்காக மீசை வளர்க்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். உதட்டுக்குச் சிவப்புப் போட்டால் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது, மேடைக்குப் பூசின கை அங்கே உதவாது என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாம் நல்லதுதான். மீசை உனக்கு எடுப்பாகத்தான் இருக்கும், என் அப்பனுக்கு இருந்த மீசை. அந்த மீசைக்குப் பிறகு அவள் இனி எங்கேயும் வரமாட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை எனக்காக வேஷம் கட்டு என்று எழுதலாமா என்றுகூட நினைத்தேன். கேட்கக் கூடாத கேள்வி அது. உன் முகம் உனக்கு வேண்டும். உன் பெண்டாட்டிக்கு வேண்டும். செத்தவளுக்கு வாடகைக்குக் கொடுத்தது போதும்.

பெண்டாட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் டவுனில் வளர்ந்தவள், பவுடர் பூசுவாள், ஸ்னோ பூசுவாள். பூசட்டும். ஊரில் யாராவது முணுமுணுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் திட்டுத் திட்டாகவே பூசிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் நீ சிரிக்காதே. மெல்லச் சொல்லிக்கொடு, உனக்குத்தான் அந்த வித்தை தெரியுமே. வெளுப்பாகத் தெரியவா பூசுகிறேன் என்று அவள் கேட்டால், எனக்குப் பதில் தெரியாமல் போன மாதிரி உனக்குப் போகக் கூடாது. இப்படியே எனக்கு ஆசைதான், நீ பூசிக்கொள்வது உன் ஆசை என்று சொல். வாய்விட்டுச் சொல். மனதில் வைத்துக்கொண்டு ரசம் கேட்காதே.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நம் வீட்டில் கல்யாணம் வந்தால், முந்தின நாள், சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளுக்குப் புதுச் சேலை வைத்துக் கும்பிடுவோம். ஒரு குடத்துக்கு மஞ்சள் பூசி, கண் எழுதி, பொட்டு வைத்து, அந்தச் சேலையைச் சுற்றி அவளாகவே நினைத்து உட்கார வைப்போம். உன் சித்தப்பன் மகள் கல்யாணத்தில் உன் அம்மாவுக்கு அப்படி வைத்தார்கள். கண் எழுதினது யாரோ ஒரு பெண். அரை விரல் கனத்துக்கு மஞ்சள் அப்பி, காது வரைக்கும் மை இழுத்து, உங்கள் நாடக ராணி மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் குனிய மனம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். இப்போது உன் கல்யாணத்துக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. "நீதான் எழுதோணும் புள்ள" என்று சின்னம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அக்கா மொகத்த நாம் பாத்ததே இல்லீங்களே. பாக்காத மொகத்துக்கு நா எப்படிங்க கண்ணு எழுதறது? தம்பிக்கு எழுதிக் கேளுங்க. அவந்தானுங்க தெனமும் எழுதினவன்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கொடுமுடியிலிருந்து வந்த அன்றைக்கு நான் தூக்கத்தில் பேசியிருப்பேன்.

அதனால் நீ வா, சாமி. என்னை வரவேண்டாம் என்று எழுதினாயே, நான் வரத்தான் போகிறேன், முன்வரிசையில் உட்காரத்தான் போகிறேன், அதே சிவப்புத் துண்டைத்தான் போடப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள் நீ இங்கே வந்து உன் கையால் அந்தக் குடத்துக்கு முகம் எழுத வேண்டும். ஆண்பிள்ளை எழுதுவதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். பித்தளைக் குடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பரணில் பழைய செப்புக்குடம் ஒன்று இருக்கிறது, புளி போட்டுத் துலக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். அவள் நிறம் அதுதான். மஞ்சளை மெல்லிசாகத் தொட்டு எடு, அப்பிவிடாதே, செம்பு தெரிய வேண்டும். கண்ணை இழுத்துவிடாதே, அவளுக்குச் சின்னக் கண். பச்சைப் புள்ளியை முதலில் வை, நீ எப்போதும் வைக்கிற மாதிரி, நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. இந்தத் தடவை அதன் மேல் எதையும் பூசாதே.

கும்பிட்டு முடிந்ததும் அன்றைக்கே குடத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தை மாற்று என்று நான் சொல்லவில்லை. கழுவுகிற வேலையை மட்டும் வேறு யாருக்காவது சொல்லிவிடு. அந்த நேரத்துக்கு நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.

உன் அப்பன்.